வாழைத் தோப்பில் வைரஸ்

வந்த நோய்க்கு மருந்து கொடுப்பவனுக்கு ஊரில் காப்பி கிடைக்கும்; மருந்தே இல்லை, மரத்தை வெட்டு என்பவனுக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது. ஐம்பதுகளின் கடைசியில், மலைவாழையை முடிக்கொத்து நோய் பிடித்த காலத்தில், கீழ்ப்பழனி மலையில் நான் விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர்; தோப்புத் தோப்பாகப் போய் யோசனை சொல்லும் சர்க்கார் ஆள். கெட்ட சேதி சொல்லிப் பிழைத்தவர்களுக்கு என் பாடு புரியும்.

கூட்டம்

பாச்சலூரில் கூட்டம் போட்டேன். "வைரஸ் தானா சாப்பிடாது, தானா பெருகாது. உயிருள்ள செல்லுக்குள்ள நுழைஞ்சிடும். அப்புறம் அந்த செல் தன் சோலியை விட்டுட்டு வைரஸையே உண்டாக்கிக்கிட்டு இருக்கும்" என்றேன். தோப்புக்காரி வெள்ளையம்மாள் எழுந்தார்.

"எங்க கொழுந்தனாரு ஒத்தையாளாத்தான் வந்தாரு. இப்ப பொண்டாட்டி, பிள்ளைக அத்தன பேருக்கும் நாந்தான் ஒல வைக்கிறேன். இதுக்கா கூட்டம் போட்டீங்க?"

மைக்ராஸ்கோப்

கண்ணால் பார்த்தால் நம்புவார்கள் என்று, கொடைக்கானல் பள்ளிக்கூடத்தில் மைக்ராஸ்கோப் இரவல் வாங்கி, மட்டக்குதிரையில் கட்டிக் கொண்டுபோனேன். பக்கத்துத் தோப்புக் கருப்பையா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். செங்கல் சுவர் மாதிரி வாழையிலையின் செல்கள் தெரிந்தன. "வைரஸ் எங்கங்க?" என்றார். அது இன்னும் ரொம்பச் சின்னது, இதில் தெரியாது என்றேன்.

"அப்ப அந்தக் குதிரைய எதுக்குங்க பாடுபடுத்துனீங்க?"

அரிவாள்

வெள்ளையம்மாள் தோப்பில் மேட்டுப் பக்கத்துப் பாதி வாழைகள் இலை குறுகி, உச்சியில் கொத்தாக நின்றன. அந்த அம்மாளுக்கு வேறு வருமானம் இல்லை. ஏதாவது தெளிக்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார்.

"அது செல்லுக்குள்ள இருக்கும்மா. மருந்து எட்டாது. அசுவினிப் பூச்சி இதுல சாறு குடிச்சிட்டு அடுத்த வாழையில போய் வாய் வச்சா, அதுக்கும் ஒட்டிக்கும். கிழங்கோட தோண்டி எடுத்தாத்தான் மிச்சம் பிழைக்கும்."

மறுநாள் வெள்ளனே தானே வெட்ட ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தபடி இருந்தது. ஆறுதல் சொல்லலாம் என்று கிட்டே போனேன்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கையில அருவா இருக்கு, மனசும் சரியில்ல."

கருப்பையாவின் வழக்கு

அடுத்த வருஷம் வெள்ளையம்மாளின் கீழ்த்தோப்பு தார் தள்ளியது. வெட்டவே மாட்டேன் என்று என்னை விரட்டிய கருப்பையாவுக்கு ஒரு தார்கூட இல்லை. சந்தையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நான் மாட்டேன்னு சொன்னா அப்படியே போயிருவீங்களா? நாலு வார்த்த சண்ட போட்டிருக்க வேணாமா?"

செல்லுக்குள் நுழைய வைரஸுக்கு ஒரு பூச்சியின் வாய் போதும். தோப்புக்காரர் காதுக்குள் நுழைய எனக்குத்தான் ஒரு மலையே ஏற வேண்டியிருந்தது.