ஆட்டி எடுத்த படமும் கலங்கிப்போன தண்ணீரும்

காலங்காத்தாலே ஒருவர் மண்வெட்டியோடு வந்து உங்கள் வீட்டுக் கேட்டைத் தட்டுகிறார். "டீச்சர், எந்தப் பக்கமா தோண்டணும்?" என்று கேட்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

நான், "எதை?" என்றேன்.

வந்தவர் சிரித்தார். ரோட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சரி டீச்சர்... நீங்க சொல்ல மாட்டீங்க. பரவால்ல, நாங்களே பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏதோ பைப் போடுகிற வேலை போலிருக்கிறது, வீடு மாறி வந்துவிட்டார் என்று நினைத்து, நானும் நிம்மதியாகத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஸ்கூலுக்குக் கிளம்பினேன். அது போன செவ்வாய்க்கிழமை.

விஷயம் தொடங்கியது அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. தொடக்கி வைத்தது — வேறு யார்? — நான்தான்.

எனக்கு வருஷத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். முந்தின வருஷம் கிட்டார். போன வருஷம் கேக் ஐசிங். இந்த வருஷம் கேமரா. அதிலும் சாதாரணப் படம் இல்லை... அப்ஸ்ட்ராக்ட் நேச்சர் ஃபோட்டோகிராஃபி! அதாவது, மரத்தை எடுத்தால் அது மரமாகத் தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் ஃபெயில்.

இதைக் கம்ப்யூட்டரில் போட்டுச் செய்தால் அது கள்ள ஆட்டம். எல்லாவற்றையும் கேமராவுக்குள்ளேயே செய்ய வேண்டும் என்பதுதான் யூடியூப் குருவின் கண்டிப்பு. ஷட்டரை ஒரு விநாடி திறந்து வைத்துக்கொண்டு கேமராவை மேலும் கீழும் இழுக்கலாம். லென்ஸின் ஸூம் வளையத்தைச் சட்டென்று திருகலாம். ஒரே ஃபிரேமில் இரண்டு மூன்று படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக எடுக்கலாம். வரும்... வராமலும் போகும். "ஒருமுறை வந்த படம் மறுமுறை வராது, அதுதான் இந்தக் கலையின் அழகு" என்று குரு சொல்வார். அந்த வசனத்தை நான் மிகவும் ரசித்திருந்தேன். புதன்கிழமை வரைக்கும்.

"ஊர் உலகமெல்லாம் ஆடாம எடுக்கத்தான் ஸ்டாண்ட் வாங்குது. ஆட்டுறதுக்குப் பாடம் படிக்கிற ஒரே ஆளு நீதான்" என்பார் என் கணவர். அவருக்குக் கலை என்றால் காலண்டரில் இருக்கும் அருவிதான். விட்டுவிடுவோம்.

பெப்ரவரி மாதம் எங்கள் நிவித்திகலப் பக்கத்து ரப்பர் மலைகளை நீங்கள் பார்க்க வேண்டும். இலை உதிர்கிற காலம். ஒரு மரம் மஞ்சள், ஒரு மரம் செம்பு, ஒரு மரம் அப்படியே சிவப்பு. எங்கள் தோட்டத்தின் கீழ் டிவிஷனில், ரப்பருக்கும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் நடுவே ஒரு சின்ன ஓடை போகிறது. மழை இல்லாததால் தண்ணீர் கொஞ்சமாக, கண்ணாடி மாதிரி இருந்தது. உதிர்ந்த இலைகள் அடியில் படிந்து கிடந்தன. இதைவிட என்ன வேண்டும்? சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும், கோயிலுக்குக் கட்டின சேலையோடேயே போய் ஒரு பாறையில் முழங்காலிட்டுவிட்டேன்.

ஷட்டரை அவ்வளவு நேரம் திறந்து வைத்தால் வெளிச்சம் கூடிப் படம் வெளுத்துவிடும். அதைக் குறைக்க லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற கறுப்புக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. என்னிடம் அது இல்லை, கூலிங் கிளாஸ் இருக்கிறது. அதைக் கழற்றி ஒரு கையால் லென்ஸுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கேமராவை உதறிக்கொண்டிருந்தேன். பாலத்தில் ஒரு த்ரீவீல் வந்து நின்றது. யோகராஜ். எங்கள் டிவிஷன் ஆள். த்ரீவீலுக்கு ஹயர் கிடைக்காத நாட்களில் மாணிக்கக்கல் குழிகளில் வேலைக்கு இறங்குவார். இத்தனை வருஷத்தில் மூக்குத்திக்கு ஆகிற கல்கூட அவர் கண்ணில் பட்டதில்லை. ஆனால் நம்பிக்கை மட்டும் குறையவே இல்லை.

"என்னா டீச்சர் பாக்குறீங்க?"

"சும்மா யோகராஜ். தண்ணிக்குள்ள கிடக்குற கல்லப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

வேறு எந்த ஊரிலாவது இந்தப் பதிலில் குற்றம் கண்டுபிடிக்க முடியுமா? ஆனால் இது மாணிக்கக்கல் விளைகிற இரத்தினபுரி மாவட்டம். தரையைப் பார்த்து நடக்கிறவனை இங்கே யாரும் கவிஞன் என்று நினைப்பதில்லை. அதிலும் 'சும்மா' என்று சொல்லிவிட்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

யோகராஜ் இறங்கி வந்தார். "எங்க, காட்டுங்க பாப்பம்" என்றார். சொன்னால் வெட்கம்... என் படத்தைத் தானாகக் கேட்டுப் பார்த்த முதல் மனிதர் அவர். பெருமையோடு திரையைத் திருப்பிக் காட்டினேன். கறுப்புப் பின்னணியில் மஞ்சளும் சிவப்பும் பொடிப்பொடியாகச் சிதறிக் கிடந்தன. நடுவில் ஒரு நீலம் — அப்படியொரு நீலம்!

"அனே... டீச்சர்" என்றார் மெதுவாக. "இது நீலக்கல்லு. இந்த மஞ்சள் புஷ்பராகம். இந்தச் செவப்பு..." மேலே சொல்ல முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் யாருக்கும் சொல்ல மாட்டேன் டீச்சர். நம்புங்க."

நவீனக் கலை ஒரு மனிதனை இப்படி உருக்குமா என்று எனக்கே புல்லரித்துவிட்டது.

மண்வெட்டிக்காரர் வந்துபோன செவ்வாய் சாயங்காலம்தான் எனக்கு வெளிச்சம் வந்தது. டவுனில் ஃபோன் கடை வைத்திருக்கும் ஜவ்பர் நானா கூப்பிட்டார். மெமரி கார்டு வாங்குவது அவரிடம்தான். கடைக்குப் பின்னால் கல் வியாபாரமும் உண்டு.

"டீச்சர், ஓடைல நீலம் ஈக்குதுண்டு சொல்லுறாங்க. மொதல்ல எனக்குக் காட்டுங்க, என்னா? வேற எங்கயும் போக வாணாம்."

"நானா, அது ஃபோட்டோ!"

"ஃபோட்டோவும் வேணும்" என்றார் நானா. வியாபாரி இல்லையா!

ஃபோனை வைத்துவிட்டு நானும் என் கணவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இரண்டு நாள் பேசுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள் என்று அவர் சொன்னார். நானும் தலையாட்டினேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது தெரிந்தவள்தான். ஆனால் ஊரின் கையில் மண்வெட்டி இருந்ததை மறந்துவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் பிலோமினா அக்கா வந்தபோது சிரிப்பு நின்றது.

பிலோமினா அக்கா கீழ் லயத்தில் இருப்பவர், தோட்டத்தின் தேயிலைப் பக்கத்தில் கொழுந்து எடுக்கிறவர். அவருடைய மகள் ஸ்டெல்லாவுக்குச் சனிக்கிழமை கல்யாணம். பத்திரிகை என் வீட்டு மேசையில்தான் கிடந்தது. அக்கா ஒரு போத்தலை நீட்டினார். உள்ளே பால் தேத்தண்ணி போல ஏதோ இருந்தது.

"பீலித் தண்ணி டீச்சர்" என்றார். "ஓடையப் பூராவும் கிண்டிப்புட்டாங்க. தொட்டி முழுக்கச் சேறு. இதுலயா நான் கல்யாணத்துக்குச் சோறாக்குறது?"

கீழ் லயத்துக்குக் குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாம் அந்த ஓடைத் தண்ணீர்தான். மேலே ஒரு சிமெண்ட் தொட்டியில் பிடித்து, பைப் வழியாக லயத்து முனையில் இருக்கும் பீலிக்கு, அதாவது பொதுக் குழாய்க்கு, விடுகிறார்கள். கல்யாணத்தைத் தள்ளிப்போடவும் வழியில்லை. அடுத்த புதன் சாம்பல் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் இல்லை, ஈஸ்டர் வரை காத்திருக்க வேண்டும். மாப்பிள்ளை கொழும்பில் ஹோட்டல் வேலையில் இருக்கிறார். ஈஸ்டர் சீசனில் ஹோட்டல்காரனுக்கு யார் லீவு கொடுப்பார்கள்?

"நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க. டீச்சரே கண்டுபிடிச்சதுன்னு சொல்லுறாங்க" என்றார் அக்கா. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. குரல் உடைந்துபோய் இருந்தது. எனக்கு நிற்கவே வெட்கமாக இருந்தது. கேமராவை எடுத்துக்கொண்டு அவரோடு நடந்தேன்.

போலீசுக்குச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பெர்மிட் இல்லாமல் தோண்டக்கூடாதுதான். ஆனால் யார் முதலில் சொன்னது என்று போலீஸ் கேட்டால்?

இறங்கி ஓடையைப் பார்த்தேன். நான் முழங்காலிட்ட பாறையைச் சுற்றி ஒரே குழி. யோகராஜும் இன்னும் ஆறேழு பேரும் முழங்கால் சேற்றில் நின்று கூடையில் மண்ணை அலசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் எல்லோருக்கும் சந்தோஷம்!

"பயப்படாதீங்க டீச்சர். உங்களுக்கும் ஒரு பங்கு வச்சிருக்கோம்" என்றார் யோகராஜ்.

கல் குழியில் பங்கு வைப்பது இங்கே ஒரு தர்மம். நிலத்துக்கு ஒரு பங்கு, தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு ஒரு பங்கு, வேலைக்கு ஒரு பங்கு. உலகத்திலேயே முதல்முறையாக, கேமராவுக்கு ஒரு பங்கு! உண்மையைச் சொல்கிறேன் — ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, 'ஒருவேளை இருந்துவிட்டால்?' என்று எனக்கும் தோன்றியது. இந்த மண்ணில் பிறந்தவள்தானே நானும்.

சுதாரித்துக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கினேன். ஷட்டர், ஸூம், கூலிங் கிளாஸ். மஞ்சளும் சிவப்பும் ரப்பர் இலை என்றேன். கேமரா கைக்குக் கை மாறியது. ஒவ்வொருவரும் படத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, சாய்த்து, நிமிர்த்திப் பார்த்தார்கள். ஃபேஸ்புக்கில் இதே படத்துக்கு மூன்று லைக்தான் விழுந்தது. அதில் ஒன்று என் தங்கை. ஒரு கலைஞருக்கு இப்படிப்பட்ட ரசிகர்கள் அமைவது பூர்வ ஜென்மப் புண்ணியம்... என்ன, பார்த்துவிட்டுத் தோண்டாமல் இருக்க வேண்டும்.

"சரி டீச்சர். செவப்பு இலை, மஞ்சள் இலை. நீல இலை எந்த மரத்துல இருக்கு?" என்று கேட்டார் யோகராஜ்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் கேமராவின் கண் இருட்டாகிவிடும். அந்த ஒரு விநாடியில் உள்ளே என்ன விழுந்தது என்று எடுக்கிறவளுக்கே தெரியாது. அன்றைக்கு மேகமூட்டம், ஆகவே வானத்தின் நீலம் என்றும் சொல்ல முடியாது. திரையை இன்னொருமுறை எட்டிப் பார்த்தேன். "பாத்தீங்களா!" என்று ஒருவர் மண்வெட்டியைத் திரும்ப எடுத்தார்.

"இங்க குடுங்க" என்று பிலோமினா அக்கா கேமராவை வாங்கினார். நீலத்தையே பார்த்தார். அதன் ஓரத்தில் வளைந்து போகும் ஒரு வெள்ளைக் கோட்டை விரலால் தொட்டார்.

"இது என் வாளி" என்றார்.

"என்னது?"

"என் நீல வாளி. இது அதோட வெள்ளைக் கைப்புடி. ஞாயித்துக்கெழம கல்யாணத்துக்கு எரவல் வாங்குன அண்டாவெல்லாம் அந்தப் பக்கம் வச்சிக் கழுவிக்கிட்டு இருந்தேன். வாளி கரையிலதான் இருந்திச்சி."

யாரும் நம்பவில்லை. வாளி வரவழைக்கப்பட்டது. கரையில் வைத்தார்கள். நான் பாறையில் முழங்காலிட்டு, கூலிங் கிளாஸைப் பிடித்து, கேமராவை உதறினேன். சாம்பல் நிறத்தில் ஏதோ வந்தது. மறுபடியும் உதறினேன். பச்சை. இன்னொரு தடவை... என் சொந்தக் கட்டைவிரல். 'ஒருமுறை வந்த படம் மறுமுறை வராது' என்ற குருவை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். ஒரு பெண்ணின் கல்யாணம் என் கையில் இருக்கிறது. ஒரு வாளியைக் கெடுத்து எடுக்கக்கூட எனக்குத் தெரியவில்லை!

கடைசியில் கேமராவை யோகராஜிடமே நீட்டினேன். "நீங்க எடுங்க. இத அமுக்கிட்டு, இந்த வளையத்தத் திருகுங்க."

வருஷக்கணக்காக த்ரீவீல் ஆக்ஸிலேட்டர் திருகிய கை. ஒரு திருகு. அவ்வளவுதான்.

திரையில் நீலம் வெடித்துக் கிடந்தது. என்னுடையதைவிட நல்ல நீலம் — இதை எழுதும்போதும் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஓரத்தில் அதே வெள்ளைக் கோடு.

யோகராஜ் படத்தைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"மூணு நாளு ஹயர் போகல டீச்சர்" என்றார் கடைசியில். "வீட்ல சொல்லிட்டேன்... இனிமே ஓட்ட வேண்டியதில்லன்னு."

நான் விளையாட்டுக்கு எடுத்த படத்துக்குள் அந்த மனிதர் வீடே கட்டியிருக்கிறார். "என்னை மன்னிச்சிருங்க யோகராஜ்" என்றேன். அவர் கையை உதறினார்.

"நீங்க என்னா செய்வீங்க. படத்துல கல்லப் பாத்தது நான்தானே" என்றார். பிறகு அண்ணாந்து தொட்டி இருக்கும் பக்கம் பார்த்து, "டேய், வாங்கடா! சனிக்கெழம பொண்ணுக்குக் கல்யாணம்!" என்று கத்தினார்.

கல் தேட வந்த மண்வெட்டிகள் குழிகளை மூடின. கல் அலச வந்த கூடைகள் தொட்டிச் சேற்றை அள்ளின. நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். என் கணவரும் வந்தார், ஆனால் கரையில் நின்று யோசனை சொல்வதோடு நிறுத்திக்கொண்டார். வியாழனும் தண்ணீர் கலங்கல்தான். வெள்ளி மத்தியானம் வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் பீலியில் தெளிந்த தண்ணீர் வந்தது என்று ஸ்டெல்லா ஃபோன் செய்தாள். அப்போதுதான் மூச்சு வந்தது.

இந்த அனுபவத்தில் நான் கற்றது ஒன்று உண்டு. தெளிவாக எடுத்த படத்தில் எல்லோரும் ஒன்றையேதான் பார்க்கிறார்கள். தெளிவில்லாத படத்தில்தான் அவரவருக்கு வேண்டியதைப் பார்க்கிறார்கள். ஆகவே, காட்டுவதற்கு முன்னால் யாரிடம் காட்டுகிறோம் என்று கொஞ்சம் யோசிப்பது நல்லது.

சனிக்கிழமை கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. யோகராஜின் த்ரீவீலில்தான் பொண்ணு கோயிலுக்குப் போனாள். பந்தியில் எனக்கு இரண்டாம் தடவை சோறு போட்ட பிலோமினா அக்கா, என் தோளில் தொங்கிய கேமராவைக் கண்ணால் காட்டிவிட்டு, காதருகே குனிந்து சொன்னார்:

"டீச்சர், அடுத்த தடவ ஓடைப் பக்கம் படம் எடுக்க வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க... நாங்க தண்ணியப் புடிச்சி வச்சிக்கிறோம்."