இரண்டு கப் தேத்தண்ணியும் வீரய்யாவின் மூளைப் படமும்

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆனாலும் டயகமப் பக்கம் தேயிலைக் கொழுந்து ஏற்ற எனக்கு இரண்டு லொறி ஓடுகிறது. கண்டிக்குப் போக வேண்டுமென்றால் தோட்டத்தை நடத்தும் தொரைமார்கூட என் வேனைத்தான் கேட்பார்கள். என் அக்கா ராக்காயியின் மகன் வீரய்யாவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது.

ஒரு வேலையில் மனம் நிற்காதவன். பேச்சை முடிப்பதற்குள் அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவான். இரண்டாயிரத்து ஆறில், இருபத்திரண்டு வயதில், தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் ரோலர் மெஷினில் நின்றவன் ஜன்னல் பக்கம் பராக்குப் பார்த்தான். சட்டைக் கை மெஷினுக்குள் போய்விட்டது. கிழிந்தது சட்டை மட்டும்தான்.

"வைத்தியம் பார்க்காம இவனை உள்ள விடமாட்டேன்," என்றார் தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர்.

கண்டியில் டொக்டர் சிவகௌரி, யாழ்ப்பாணத்து அம்மா, அவனுக்கு இருப்பது கவனக் குறைபாடு என்றார். அதற்குக் கொடுக்கும் மாத்திரை மூளையில் என்ன செய்கிறது என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். மாத்திரைக்கு முன் மூளையை ஸ்கேன் செய்து ஒரு படம், பின் ஒரு படம். ஆராய்ச்சியில் சேர்ந்தால்தான் மாத்திரை இலவசம். கடையில் வாங்க அக்காவால் முடியாது. நான் தருகிறேன் என்றாலும் வாங்கமாட்டாள், அவ்வளவு ரோசம்.

"படம் எடுக்கிறதுக்கு முதல் நாளிலையிருந்து உசார் தாற ஒண்டும் எடுக்கக் கூடாது," என்று டொக்டர் சொல்லியிருந்தார். கள், கசிப்பு, பீடி என்றுதான் நாங்கள் நினைத்தோம். விடியற்காலை வேன் ஏறுமுன் அக்கா அவனுக்கு இரண்டு கப் கறுப்புத் தேத்தண்ணி கொடுத்தாள். தோட்டத்தில் அதை யார் கணக்கில் எடுப்பது?

கண்டியில் டொக்டர் கடைசியாகக் கேட்டார்.

"கோப்பி, தேத்தண்ணி ஒண்டும் குடிக்கேல்லைத்தானே?"

அக்கா என் கையை நெரித்தாள். "இல்லைங்க," என்றாள்.

வீரய்யா வாயைத் திறப்பதற்குள் அவனை உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். கண்ணாடி வழியே பார்த்தேன். பெரிய குழாய்க்குள் அவனை மெல்லத் தள்ளினார்கள். மெஷின் தடதடவென்று அடிக்கத் தொடங்கியது. டயகம வளைவில் பிரேக் பிடிக்காத லொறியையே நிறுத்தியவன் நான். அன்று நானே பார்க்க முடியாமல் அக்கா பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என்னக்கா இப்படிச் சொல்லிட்ட?"

"வாய மூடு தம்பி. இடத்தைப் பறிச்சிட்டா மறுபடி யாரு குடுப்பா?"

திடீரென்று சத்தம் நின்றது. அவசரத்துக்கென்று கையில் கொடுத்திருந்த பொத்தானை அவன் அமுக்கிவிட்டான். வெளியே இழுத்ததும் கத்தினான்.

"ரெண்டு கப்பு குடிச்சேங்க டொக்டர்! அம்மா பொய் சொல்லிருச்சு!"

"அட பாவி!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு நிமிசம் அந்த வாய் சும்மா இருக்குமாடா?"

டொக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் முன்னே போனேன்.

"டொக்டரம்மா, பேரை மட்டும் வெட்டிராதீங்க. எத்தனை தடவை வேணும்னாலும் என் வேன்ல கொண்டாந்து நிறுத்துறேன்."

"தேத்தண்ணியும் மூளையிலை ரத்த ஓட்டத்தை மாத்தும், ஐயா. பிறகு படத்திலை மாத்திரை செய்தது எது, தேத்தண்ணி செய்தது எது எண்டு பிரிக்கேலாது. தேத்தண்ணியெண்டு பேர் சொல்லிச் சொல்லாதது என்ரை பிழை. வீரய்யா இப்ப சொன்னபடியால் என்ரை கணக்குத் தப்பிச்சுது. வாற கிழமை கொண்டு வாங்கோ."

அடுத்த வாரம், முந்தின நாள் முழுக்கத் தேத்தண்ணி இல்லாமல், தலைவலியில் முனகிக்கொண்டே வந்தான். இரண்டு படமும் எடுத்தார்கள். படத்தில் என்ன தெரிந்தது என்று கேட்டேன். ஒரு ஆளின் படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, எல்லாருடையதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். மாத்திரை மட்டும் கையில் கிடைத்தது.

ஒரு மாதம் கழித்து நான் கொழுந்து இறக்கப் போனபோது, டீமேக்கர் ரோலரில் நின்ற வீரய்யாவின் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரமாக நின்றிருந்தார். கடைசியில் ஒரு குறையும் சொல்லாமல் அவர் நடந்து போனார்.

"அவரு போயிட்டாருங்களா மாமா?" என்றான் வீரய்யா, ரோலரிலிருந்து கண்ணை எடுக்காமல்.