வலிக்காத கால்

பேருந்துப் பணிமனையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இரும்புக்கால் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். வேலை மெக்கானிக், உயிர் பணிமனைக் கால்பந்து அணி. நாற்பதைத் தாண்டிய பிறகும் அவர்மேல் மோதியவன்தான் நொண்டிக்கொண்டு போவான். "வலியா? அது எந்தக் கடையில விக்குது?" என்று கேட்பார். அதைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள், அவர் மனைவியைத் தவிர.

அந்த அம்மாளுக்குக் காரணம் தெரியும். அவருக்குச் சர்க்கரை நோய் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டுப் பார்த்தார் டாக்டர். கடைசிவரை கண்ணை மூடியிருந்த மனிதர், "எப்ப ஆரம்பிப்பீங்க சார்?" என்று கேட்டார். டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

"கால் மரத்துப் போயிருக்கு. விளையாட வேண்டாம்னு சொல்லல. ஷூவை உதறிட்டுப் போடுங்க. துவைச்ச சாக்ஸ் போடுங்க. ஆடி முடிச்சதும் காலைக் கழுவி விரல் இடுக்கை ஈரமில்லாம துடைங்க. தினமும் உள்ளங்காலைப் பாருங்க. காயம் பட்டாலும் உங்களுக்குத் தெரியாது."

இவர் காதில் அது எருமை மாட்டின் மேல் பெய்த மழை. மனைவிதான் பிடித்துக்கொண்டாள். வீட்டில் தையல் வேலை செய்பவள். சாயங்காலம் மெஷினை மூடிவிட்டு அவர் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துப் பார்ப்பாள். கறுத்த நகம், சேற்றுப்புண், வெடித்த குதிகால். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எதிரணி பயப்படுகிற காலைப் பெண்டாட்டி கைக்குழந்தை மாதிரி துடைப்பதா? "நானே பாத்துக்கறேன்" என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து அவர் வெளியே வரும்போது அவள், "பாத்தீங்களா?" என்பாள். "பாத்தாச்சு" என்பார். எங்கே பார்த்தார்?

அந்த அணியில் ஒரு வழக்கம் உண்டு. போட்டி தொடங்கி வெற்றி வர ஆரம்பித்துவிட்டால் கோப்பை கைக்கு வரும்வரை யாரும் சாக்ஸைத் துவைக்கக் கூடாது. துவைத்தால் அதிர்ஷ்டம் தண்ணீரோடு போய்விடுமாம். உடைமாற்றும் அறையில் படுத்துக்கிடந்த பூனைகூட ஜாகை மாற்றிக்கொண்டது. இந்தச் சட்டத்துக்குக் காவல்காரர் யார் என்கிறீர்கள்? நம் இரும்புக்கால்தான். அந்த வருடம் தொட்டதெல்லாம் வெற்றி.

அரையிறுதி அன்று பணிமனையிலேயே அவசர அவசரமாக ஷூவை மாட்டிக்கொண்டு ஓடினார். உதறவில்லை. ஆட்டம் முழுக்க ஓடினார், ஜெயித்தார். கழற்றும்போதுதான் சாக்ஸ் சிவந்திருப்பது தெரிந்தது. கோல்கீப்பர் ஷூவைத் தலைகீழாகத் தட்டினான். இரும்பு வாஷர் ஒன்று கீழே விழுந்தது.

"அண்ணே, இதை வச்சுக்கிட்டா ஓடினீங்க?"

"அதான் இரும்புக்கால்" என்றார். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

உள்ளங்காலில் வாஷர் அளவுக்குப் பள்ளம். மனைவி பார்த்தால் இறுதி ஆட்டத்துக்கு விடமாட்டாள். மேலே பிளாஸ்டர் ஒட்டி, அதே சாக்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"பாத்தீங்களா?"

"பாத்தாச்சு. ஒண்ணுமில்ல."

இறுதி ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். அதன் பிறகு வீட்டில் ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று மனைவி பீரோவை நகர்த்தினாள், தையல் மெஷினுக்கு அடியில் தேடினாள். அவரும் குனிந்து கூடவே தேடினார். எலி என்றுதான் அவரும் நம்பினார், பாவம். மறுநாள் குளிர் ஜுரம் வந்து பிதற்ற ஆரம்பித்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காலோடு ஒட்டிப்போயிருந்த சாக்ஸைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்த நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அணியினர் கோப்பையோடு பார்க்க வந்தார்கள். எங்கே பார்ப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கோல்கீப்பர் கதவோரமே நின்றுவிட்டுப் போய்விட்டான்.

வீடு திரும்பிய பிறகு, மிச்சமிருந்த பாதத்தை மனைவி மடியில் வைத்துத் துடைத்தாள். இப்போது அவர் மறுக்கவில்லை. விரல் விரலாக அவள் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் சொன்னார்:

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் ஒரு நாளும் பாக்கவே இல்ல. பொய் சொன்னேன்."

அவள் நிமிரவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"பொய் சொல்லும்போது நீங்க என் முகத்தைப் பாக்க மாட்டீங்க. அரையிறுதி ஜெயிச்ச அன்னிக்கும் பாக்கல."

"அப்ப ஏன் விட்டே?"

"எவ்வளவு சந்தோஷமா வந்தீங்க. அப்படி ஒரு முகத்தைப் பாத்து வருஷக்கணக்காச்சு. காலைக் காட்டுங்கன்னு சொன்னா அது வாடிப்போயிடுமேன்னு... ஒரு நாள்தானேன்னு விட்டுட்டேன்."

தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். கண்ணீர் மடியிலிருந்த பாதத்தின் மேல் விழுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்ததால்தான் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை.