அப்பா கீறாத முகம்

அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு வந்திருக்கும் சொந்தங்களே, நண்பர்களே, நான் அவருடைய ஒரே மகள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். தமிழ்ப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா யாழ்ப்பாணத்தில் பிறந்தார். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினார், படம் கீறினார். சண்டையால் எல்லாவற்றையும் விட்டு ஒஸ்லோ வந்து, பஸ் கழுவும் வேலை செய்து, அங்கே புருசெத் என்ற இடத்தில் அம்மாவையும் என்னையும் வைத்துப் பராமரித்தார். ரயில் நிலையம் நிலத்துக்குக் கீழே என்பதால் கொட்டும் பனியிலும் பஸ்ஸுக்குத்தான் காத்து நிற்பார். ஏன் கீழே இறங்கமாட்டார் என்று நான் கேட்டதில்லை.

என் பதினைந்தாவது பிறந்தநாளுக்கு என்னை ஒரு படம் கீறித் தரச் சொன்னேன். பென்சிலை எடுத்தார், வைத்துவிட்டார். "ஏலாது பிள்ளை" என்றார்.

"உங்களுக்கு நான் ஒண்டுமேயில்லை!" என்று கத்திக் கதவை அடித்துச் சாத்தினேன்.

இந்த நினைவு மலரின் அட்டையைப் பாருங்கள். இளம் வயது அப்பா பதுங்குகுழிக்குள் முழங்காலில் கொப்பி வைத்துக் கீறுகிறார். இந்தப் புகைப்படத்தை எடுத்தவர் திராமன் நகரில் இருக்கும் சித்தப்பா. அச்சடிப்பவர் முதலில், வழக்கம்போல், குழியை வெட்டிவிட்டு, அப்பாவுக்குக் கோட்டும் டையும் போட்டு, பின்னால் நீல வானம் வைத்து அனுப்பியிருந்தார். மலர் வேலையைப் பொறுப்பெடுத்த சித்தப்பாவுக்கு உடனே போன் எடுத்தேன்.

"சித்தப்பா, பங்கர் எங்கை? கொப்பி எங்கை?"

"செத்தவீட்டு மலரிலை பங்கரோ பிள்ளை? கோட்டோடை அண்ணர் மாப்பிள்ளை மாதிரியெல்லோ இருக்கிறார்."

"அப்பா கலியாணத்துக்கே கோட் போடேல்லை! அவர் கீறினவர் எண்டதுக்கு இது ஒண்டுதான் இருக்கு. என்னை ஒருக்காலும் கீறேல்லை."

சித்தப்பா அந்தப் படம் எடுத்த நாளைச் சொன்னார்.

"அவர் அதிலை கீறினது எங்கடை தங்கச்சியை. உன்ரை மாமி. ஷெல் சத்தத்துக்கு அழுதவள். பயம் மறக்கட்டும் எண்டு முன்னாலை இருத்திக் கீறினவர். சத்தம் நிண்டவுடனை தண்ணி எடுக்கப் போனவள், திரும்பி வரேல்லை. அவளின்ரை செத்தவீட்டுக்கு வைச்சதும் அவர் கீறின அந்தப் படம்தான். பிறகு அண்ணர் ஒருத்தற்றை முகமும் கீறேல்லை, பிள்ளை. பயம்."

அப்பாவின் கடைசிக் கிழமை முழுக்க ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் இருந்தேன். சாப்பாட்டையும் பனியையும் பற்றித்தான் கதைத்தேன்.

முப்பத்தொரு நாளும் சமைத்துத் தந்த புருசெத் அயலவர்களுக்கும், அம்மாவைத் தனியே விடாத உறவுகளுக்கும், முகம் சுளிக்காமல் அட்டையைத் திரும்ப அடித்துத் தந்தவருக்கும், சித்தப்பாவுக்கும் நன்றி.

அப்பா, நீங்கள் கீறாத மகள் உயிரோடு இருக்கிறேன். அன்று கத்தியதை எல்லோர் முன்னாலும் திருப்பி எடுக்கிறேன். கேட்க நீங்கள்தான் இல்லை.