நாற்பது பேருக்குத் தெரிந்த ஜெபக் குறிப்பு

தையல் கம்பெனியில் அவளுக்குப் பெயர் கத்திரியக்கா. அறுபது துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, வெட்டும் மிஷினை ஓட்டினால் அறுபது சட்டைக் கையும் அச்சில் வார்த்ததுபோல வந்து விழும். பதினெட்டு வருடமாக அந்த மேசை அவளுடையது.

இந்த வருடம் வலது கை நடுங்க ஆரம்பித்தது. மிஷின் பிடியைப் பிடித்துவிட்டால் அடங்கிவிடும். தண்ணீர் டம்ளரைத் தூக்கும்போதுதான் மானத்தை வாங்கும். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "மூணு மாசத்துல சரியாயிடும்" என்றார். அதுவரை கம்பெனிக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மேசை போய்விடும். பிறகு மூலையில் உட்கார்ந்து, தைத்த சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்ட வேண்டியதுதான்.

வீட்டுக்காரரிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. ஆனால் மாத்திரை வாங்கித்தானே ஆக வேண்டும்? மருந்துக்கடைக்காரி அவளுக்குப் பன்னிரண்டு வருடத் தோழி. கத்திரியக்கா போகும் வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தை நடத்துகிறவளும் அவள்தான். சீட்டைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"இது யாருக்குடி?"

"எனக்குத்தான். கத்தித் தொலைக்காதே. எனக்காக ஜெபம் பண்ணு. நீ மட்டும்."

"பைத்தியம், நான் யார்கிட்டடி சொல்லப் போறேன்?"

அன்று கத்திரியக்கா நன்றாகத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், நாற்பது பேர் இருக்கும் ஜெபக் குழுவின் வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. மருந்துக்கடைக்காரியின் குரல், தழுதழுத்தபடி: "சகோதரிகளே, நம்ம கத்திரியக்காவுக்கு வலது கை நடுங்குது. இந்த விஷயம் கம்பெனி காதுக்குப் போயிடக் கூடாதுன்னு எல்லாரும் பாரத்தோட ஜெபிங்க."

கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். கத்திரியக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஏழாவது கை கம்பெனி சூப்பர்வைசரின் மனைவியுடையது.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் தணிந்த குரலில்தான் கேட்டார்.

"கையைக் கொஞ்சம் நீட்டுங்கக்கா."

நீட்டினாள். அது, அன்றைக்கென்று பார்த்து, ஆடித் தீர்த்தது.

"மன்னிச்சுக்கங்க. நாளைக்கு விபத்து கிபத்துன்னா நான்தான் பதில் சொல்லணும்." மேசைச் சாவியை வாங்கிக்கொண்டவர், ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "எங்க வீட்டுலயும் உங்களுக்காக ஜெபம் பண்றாங்கக்கா" என்றார்.

பிசிறு மூலையில் ஒருத்தி இடம் விட்டபடி, "வாங்க கத்திரியக்கா, இங்க குட்டிக் கத்திரிதான்" என்று சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

சாயங்காலம் நேராக மருந்துக்கடைக்குப் போனாள்.

"மேசை போச்சு."

"ஐயோ! யாருடி போய்ச் சொன்னது?"

"நீதான்."

"நானா? உனக்காக அழுது ஜெபிச்சவடி நான். நாலு பேர் சேர்ந்து கேட்டா ஆண்டவர் சீக்கிரம் கேப்பாருன்னுதானே போட்டேன்?"

"நான் உன்கிட்ட நாலு பேரையா கேட்டேன்? உன்னைத்தானே கேட்டேன்?"

மருந்துக்கடைக்காரி கல்லாவைச் சுற்றி வெளியே வந்தாள்.

"சரி, விடு. மேசை திரும்பக் கிடைக்கணும்னு இப்பவே ஜெபிச்சிடலாம்." நடுங்கும் கையைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கத்திரியக்கா கையை உருவிக்கொண்டாள்.

"எனக்காக இனிமே ஜெபிக்காதே."

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள். எதிர்ச்சாரிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோதும் அந்தக் கண்கள் மூடியே இருந்தன. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.