நாபோத்துக்கு அப்புறம் இன்னா ஆச்சு?

நேற்று கோவளம் பஸ் நிறுத்தத்தில் ஒரு மீன் வறுவல் கடை. ஊரே கேஸுக்கு மாறிவிட்ட பிறகும் அந்தக் கடைக்காரர் சவுக்கு விறகு எரித்துக்கொண்டிருந்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் எனக்குப் பசி வரவில்லை, பிரசங்கம் வந்தது. சிரிக்காதீர்கள். நான் பிரசங்கம் பண்ணப் பழகியதே சவுக்குத் தோப்பில்தான்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு சின்னச் சபை, என் முதல் ஊழியம். எங்கள் சபைகளில் போதகரை 'ஐயரே' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்தோடு செங்கல்பட்டில் வாடகைக்கு வீடு தேடி நான் பட்ட பாடு தனிக்கதை. சபை கொடுத்த ஒற்றை அறையில் உரக்கப் பேசிப் பார்த்தால் பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிடும். அதனால் வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தோப்புக்குப் போய்விடுவேன். மரங்கள் கொட்டாவி விடுவதில்லை, அதுவே பெரிய ஆறுதல்.

அப்போது கடற்கரைச் சாலை ஓரத்து நிலமெல்லாம் கைமாறிக்கொண்டிருந்தது. சபை மூப்பர் செல்வராஜ்தான் தரகர். கெட்டவர் இல்லை, பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாங்கித் தந்தவர். ஆனால் விற்க மறுத்தவர்கள் நிலத்துக்குப் போகும் வழியில் திடீர் திடீரென்று வேலி முளைத்தது. இதைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது? வசனம் தேடிய என் விரல் நாபோத்தின் கதையில் நின்றது. ஆகாப் ராஜா அவனுடைய திராட்சத்தோட்டத்தைக் கேட்கிறான். அது என் பிதாக்களின் சுதந்தரம், தரமாட்டேன் என்கிறான் நாபோத். வேதாகமத் தமிழில் சுதந்தரம் என்றால் பரம்பரைச் சொத்து. அதை விளக்க ஒரு பத்தியே தயார் செய்திருந்தேன்.

தோப்பில் ஆடு மேய்த்த மேரியக்கா அந்தப் பத்திக்கு முன்பே, கதையைப் பாதி கேட்டுவிட்டுப் போய்விட்டார். சனிக்கிழமைக்குள் ஊர் முழுக்கச் செய்தி.

"நாபோத்துன்னு ஒர்த்தரு, நைனா குட்த்த சுதந்திரத்த விக்கமாட்டேன்னு ராஜா மூஞ்சிக்கு நேரா சொல்லிகிறாரு. நானும் கையெழுத்துப் போடமாட்டேன்."

அவர் அந்தச் சொல்லை விடுதலை என்று எடுத்துக்கொண்டுவிட்டார். மாமனார் காலம் வரை பிறத்தியார் நிலத்தில் கூலிவேலை செய்த குடும்பம். அரசாங்கப் பட்டாவில் வந்த துண்டு நிலம்தான் அவர்களுக்கு முதல் சொந்தம். அதை விடுதலை என்றால் என்ன தப்பு? என் பத்தியை அடித்துவிட்டேன்.

சாயங்காலம் செல்வராஜ் வந்தார். "ஐயரே, பேஜாரு பண்ணாதீங்க. அன்பு, சமாதானம்னு எவ்ளோ கீது, அத்த பேசுங்க. இல்லாங்காட்டி உங்கள வேற ஊருக்கு மாத்திடுவாங்க."

பயமாகத்தான் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நாபோத்தைக் கல்லெறிந்து கொன்றுவிடுகிறார்கள், அது மேரியக்காவுக்குத் தெரியாது. மறுப்பதோடு கதையை நிறுத்திவிட்டால் அவர் துணிச்சலாக இருப்பார். ஆனால் பாதிக் கதையை நம்பி ஒருவர் எதிர்த்து நிற்கக் கூடாது. முழுசும் சொல்வது என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு முதல் வரிசையில் செல்வராஜ் உட்கார்ந்திருந்தார். நான் கல்லெறியையும் சொன்னேன், கொன்று எடுத்துக்கொண்டாயா என்று ஆகாபிடம் கர்த்தர் கேட்டதையும் சொன்னேன். ஆராதனை முடிந்ததும் வாசலில் மேரியக்கா மறித்தார்.

"செத்துட்டாரா ஐயரே?"

"ஆமாக்கா."

"வித்துட்டு செத்தாரா, விக்காம செத்தாரா?"

"விக்காமத்தான்."

"அப்ப சரி," என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார்.

செல்வராஜ் சொன்னபடி எனக்கு மாறுதலும் வந்தது.

நேற்று, பல வருஷங்களுக்குப் பிறகு, அந்தப் பழைய சபை ஊரில் இறங்கிப் பார்த்தேன். தோப்பு இல்லை, ஆடுகள் இல்லை. நான் கத்திப் பேசிய இடத்தில் நீளமான மதில், உள்ளே பங்களாக்கள். "யாரப் பாக்கணும் சார்?" என்று காவலாளி கேட்டார், நான் மதிலோரமாகவே நடந்தேன். மதில் முடிகிற இடத்தில் ஒரு துண்டு நிலம் மட்டும் அப்படியே கிடந்தது. மேரியக்காவின் மகள் அதில் வேர்க்கடலை போட்டிருக்கிறாள். அக்கா போன வருஷம் போய்ச் சேர்ந்தாராம்.

விற்காமல்தான்.