மாதா சுமந்த கால்

பூதலூர் செபஸ்தியம்மாவுக்குச் சர்க்கரை வந்து ரொம்ப வருடமாகிறது. 2003இல் மகன் கிளாட்சன் குவைத்துக்குப் போனபோது, அவன் அங்கே இருக்கும்வரை வருடா வருடம் வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோடு நடந்து வருவதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டாள்.

முதல் இரண்டு வருடம் பாதமெல்லாம் கொப்புளம், அழுதுகொண்டேதான் போய்ச் சேர்ந்தாள். மூன்றாம் வருடம் வலியே இல்லை! கீழ்வேளூர்ப் பக்கம் தார் ரோடு கொதிக்கிறது, இளவட்டமெல்லாம் நிழலுக்கு ஓடுகிறது, இவள் பாட்டுக்கு நடக்கிறாள். "அக்காவ மாதாவே தூக்கிட்டுப் போறாங்க" என்று கூட வந்தவர்கள் கும்பிட்டார்கள். அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், பாவம்! ஆயுசுக்கும் அவளுக்கென்று கிடைத்த பெருமை அது ஒன்றுதான்.

ஆறாம் வருடம், நடைக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெருவிரல் கறுத்தது. "ஒண்ணுமில்லைங்க, வலிக்கவே இல்லை" என்றவளை, புருஷன் ஆண்டனி திட்டித் தீர்த்துத் தஞ்சாவூருக்கு இழுத்துப் போனார். காலில் ரத்தம் ஓடுகிறதா என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார் டாக்டர்.

ஸ்கேன் எடுக்கும் அனிட்டா காலில் பசையைத் தடவிக் கருவியை நகர்த்தினாள். முழங்காலுக்குப் பின்னால் ரத்தம் 'உஸ் உஸ்' என்று கேட்டது. கணுக்காலில் சத்தம் தேய்ந்தது. விரலில் ஒன்றுமே கேட்கவில்லை.

"நடக்கலாம்ல பாப்பா? நேத்திக்கடன்."

"பாதம் எவ்வளவு நாளா மரத்திருக்கும்மா?"

"மரக்கலை. மூணு வருசமா வலிக்காது, மாதா புண்ணியம்."

அனிட்டாவும் வேளாங்கண்ணிக்கு நடந்தவள்தான். ஆனாலும் சொன்னாள். "சர்க்கரையில நரம்பு செத்துப்போச்சும்மா, அதான் வலி தெரியலை. சின்னச் சின்ன ரத்தக்குழாயும் அடைச்சிருக்கு."

செபஸ்தியம்மா எழுந்து உட்கார்ந்து கறுத்த விரலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "வலிச்சிருந்தா நின்னிருப்பேனே" என்றாள்.

பாதத்தை எடுத்தாக வேண்டும், வியாழக்கிழமை சேருங்கள் என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் கிளாட்சன் போன் செய்தான். "கம்பெனியில ஆளக் குறைக்குறாங்கம்மா. இந்த வருசம் எனக்காக நல்லா வேண்டிக்க. நீ நடக்குற தைரியத்துலதான் இங்க இருக்கேன்."

"நடக்காம இருப்பேனாடா" என்றாள். போனை ஆண்டனியிடம் நீட்டிவிட்டு, மகன் காதில் விழாதபடி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.